ரஜாயின் வெளிப்புறம்

விடிகாலை நாலு நாற்பது. டிசம்பர்.
தில்லியில் ஆகாயம் என்பது
எட்டு நாளாக வெறும் வதந்தி.

ராவத் பலூனுக்கு ஹைட்ரஜன் ஏற்றுகிறார்.
கழுத்தில் மஃப்ளர், வாயில் ஏலக்காய்.
பீடிக்கட்டை வாசலிலேயே பிடுங்கிக்கொள்வது
என் முதல் வேலை.
அடுத்தது, நூலின் நுனியில்
தயிர் டப்பா அளவுள்ள பெட்டியைக் கட்டுவது.
அதற்குள் வெப்பமானி, ஈரமானி, சின்னதாக ஒரு ரேடியோ.

விட்டேன்.
நாலாள் உயரத்தில் காணாமல் போனது.

இனி அது எண்களில்தான் பேசும்.
தரையில் ஏழு டிகிரி.
முந்நூறு மீட்டரில் பதினொன்று.
மேலே போகப் போகக் குளிர வேண்டும்;
இங்கே தலைகீழ்.
வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்திருக்க
அடியில் கிடக்கிறது
ஆனந்த் விஹார் லாரிகளின் புகை,
காவலாளிகள் குளிர்காய எரித்த டயர்,
என் மகன் அகரனின் இருமல்.

மூடியைத் தாண்டியதும்
ஒழுங்காகக் குளிர்கிறது,
கிலோமீட்டருக்கு ஆறு, ஆறரை.
மேகமும் மழையும் குடியிருக்கும் கீழடுக்கு.
பன்னிரண்டில் மேலைக்காற்று கையைப் பிடித்து
கிழக்கே இழுத்துப் போகிறது.
பதினாறில் மைனஸ் அறுபத்தெட்டு.
அங்கே ஒரு தயக்கம்.
பிறகு எண்கள் மெல்லத் திரும்பி ஏறுகின்றன;
பகலெல்லாம் ஓசோன் வெயிலைக் குடித்த இடம்.
மீள் அடுக்கு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தபோது
மீள்வது எது என்று கேட்கத் தோன்றவில்லை.

பத்தொன்பது குளிர்காலமாக இந்தக் கட்டங்களை நிரப்புகிறேன்.
ஒரு வருஷம் ஏறும், மறு வருஷம் இறங்கும்.
பழைய பேரேடுகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்துப் பார்த்தால்தான்
தரைக்கு நேரே உள்ள எண்
பொட்டளவு சூடாகியிருப்பதும்
இருபத்தைந்து கிலோமீட்டருக்கு நேரே உள்ளது
குளிர்ந்திருப்பதும் தெரியும்.

இன்று மூன்றரை மணிக்குக் கிளம்பும்போது
தூங்குகிற பிள்ளையின் ரஜாய்மேல் கை வைத்தேன்.
கனத்த பஞ்சு, மீரட்டில் தைத்தது.
வெளிப்புறம் பனிக்கட்டி.
விளிம்புக்கடியில் விரலை நுழைத்தால்
அடுப்படி.

போர்வையே இல்லையென்றால்
இந்தப் பூமி மைனஸ் பதினெட்டாம்.
போர்வையை நான் பழிக்க மாட்டேன்.
வியர்த்த பிறகும் இன்னொன்றை
இழுத்துப் போர்த்துகிறோமே,
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆறு நாற்பதுக்கு, முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில்
ஓர் அறையளவு ஊதி
பலூன் வெடித்தது.
எண்கள் நின்றன.

பத்து மணிக்கு ஃபோன். சம்பல் பக்கம், கரும்புத் தோட்டம்.
பெயர் சத்பால் என்றார்.
'டப்பா விழுந்திருக்கு. உங்க நம்பர் ஒட்டியிருக்கு. வெடிக்குமா?'
வெடிக்காது, குழந்தைகள் விளையாடலாம் என்றேன்.
வைக்கப் போனவர் வைக்கவில்லை.
அங்கேயும் பனிமூட்டம்தான் போலும்,
மாட்டின் மூச்சுகூடக் கேட்டது.

'இது மேலே போய்ட்டு வந்ததுதானே?
அங்கே வெயில் அடிக்குதா?'

அடிக்கிறது, என்றேன்.
முந்நூறு மீட்டர்தான்.