இரண்டாவது ஹெட்செற்

நாற்பத்து மூன்று வயதில்
முதல் நாள் வேலைக்குப் போனேன்.
மின்சார சபை, யாழ்ப்பாண நகரம்,
பழுது முறைப்பாட்டுப் பிரிவு, இரவு முறை.
என்னைப் பழக்க வந்தவளுக்கு இருபத்தாறு.
டிலக்சிகா.
ஒரு கணம் யோசித்து
"அக்கா" என்று கூப்பிட முடிவெடுத்தாள்.
நல்லகாலம், அன்ரி இல்லை.

ஒரு தொலைபேசி, இரண்டு ஹெட்செற்.
ஒன்றில் நான் பேசுவேன்.
மற்றதில் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்,
வாய் திறவாமல்.

முதல் இரவே மார்கழிக் காற்று.
காரைநகரில் கரண்ட் இல்லை.
கோப்பாயில் பனையோலை கம்பியில் தொங்குது.
குருநகரில் பெட்டிக்குள்ள மீன் கிடக்குது,
உங்களுக்கென்ன, ஏசிக்குள்ள இருக்கிறியள்.
(ஏசி வேலை செய்யவில்லை.
அதைச் சொல்லக் கூடாதாம்.)

விடிய நாலு மணிக்குத்தான்
முறைப்பாட்டுத் தாளின் ஓரத்தைப் பார்த்தேன்:
பேனையால் கீறிய சின்னச் சின்ன மீன்கள்.
முப்பத்தொன்று.
"நீங்கள் மன்னிக்கோணும் எண்டு சொன்ன கணக்கு, அக்கா.
ஒரு ஆளுக்கு ஒண்டு காணும்.
மிச்ச நேரத்தில றோட்டின்ர பேரைக் கேளுங்கோ."

இரண்டாம் கிழமை ஒரு பொய் சொன்னேன்.
சுழிபுரத்திலிருந்து ஒரு தாய்,
பிள்ளைக்கு ஆவி பிடிக்கிற மெசின் நின்றுவிட்டதாம்.
"பத்து நிமிசத்தில வந்திடும்" என்றேன்.
வந்தது விடிந்த பிறகு.
திரும்ப எடுத்தவள் ஏசவில்லை.
"பிள்ளை இப்பதான் நித்திரை.
தெரியாதெண்டு சொல்லியிருந்தா
ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பன்"
என்று வைத்துவிட்டாள்.

ஹெட்செற்றைக் கழற்றி மேசையில் வைத்தேன்,
வேலையையும் சேர்த்து வைப்பதுபோல.
டிலக்சிகா ஆறுதல் சொல்லவில்லை.
"தெரியாது எண்டிறதும் ஒரு பதில்தான்.
சொல்லிப்போட்டு, அரை மணித்தியாலத்தில
நீங்களாத் திரும்ப எடுக்கோணும்.
இப்ப அந்த அம்மாவுக்கு எடுங்கோ."
இலக்கத்தை அழுத்தியது அவள்.
பேசியது நான்.

பங்குனியில் ஒரு நாள்
ஏதோ கேட்கவெனத் திரும்பினேன்.
அவளுடைய ஹெட்செற் ஆணியில் தொங்கியது.
பிளேன்ரீயும் பேப்பருமாய் இருந்தாள்.
எத்தனை அழைப்பாக அது அங்கே தொங்குதோ.
கேட்க நினைத்தது மறந்துபோனது.
அடுத்தது மானிப்பாய்.

ஐப்பசியில்,
லைன் நிறுத்தியாச்சு என்று அவள்தான் பதிந்தாள்.
நிறுத்தித்தான் இருந்தது.
யாரோ வீட்டு ஜெனரேற்றர்
பின்வழியால் கம்பிக்குள் ஏறி
கம்பத்தில் நின்ற அன்ரன் ஜெயசீலனின்
இடது கையைச் சுட்டுவிட்டது.
விசாரணை இரண்டு நாளில் முடிந்தது.
அவளில் பிழையில்லை என்று
கடதாசி நம்பியது.
அவள் நம்பவில்லை.
ஒரே கம்ப இலக்கத்தை மூன்று தரம் கேட்டாள்.
மன்னிக்கோணும், மன்னிக்கோணும் என்றாள்,
யாரிடம் என்று தெரியாமல்.

கதிரையை இழுத்துப் போட்டு
ஆணியில் தொங்கியதை எடுத்துக் காதில் மாட்டினேன்.
அவள் ஒருமுறை பார்த்தாள்.
பிறகு பார்க்கவில்லை.
பதினொரு இரவு அப்படி.
எனக்கு மீன் கீற வராது.
கோடு போட்டேன்.
பன்னிரண்டாம் இரவு தாளில் இரண்டே கோடு.
எட்டிப் பார்த்தவள் கேட்டாள்:
"இதென்ன அக்கா, மீன்முள்ளோ?"

மேற்பார்வையாளர் பரீட்சைக்கான விண்ணப்பம்
மேசை லாச்சிக்குள் கிடந்தது,
ஒரு வருடச் சேவை முடித்தவர்களுக்கு.
என் பெயர் பென்சிலில், அவளுடைய எழுத்தில்.
அடியில் திகதி:
சுழிபுரத்து இரவின் மறுநாள்.
எனக்குச் சேவை அப்போது இரண்டு கிழமை.

பேனையால் மேலே எழுதினேன்.
முதலெழுத்தை மட்டும் பிழையாகப் போட்டிருந்தாள்.
அதைத் திருத்துகையில் மணி அடித்தது.
ஊர்காவற்றுறை.
கரண்ட் எப்ப வரும்?
இன்னும் தெரியாது, என்றேன்.
எந்த றோட்டு, சொல்லுங்கோ.