கெர்சோம்

ஏலக்காட்டு ஜீப்பில் பதினெட்டுப் பேர்.
பத்தொன்பதாவதாக
கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவே
ஒரு கொண்டை ஊசி வளைவில் நான் பிறந்தேன்.
கவாத்துக் கத்தியால் கொடியை அறுத்தவள் சூசம்மாள்.

மேலே ஆபீசில் 'இவிடெ அல்ல' என்றார்கள்.
கீழே கிளார்க்கு சாப்பிடப் போயிருந்தார்.
நாற்பது நாள் பேரில்லாமல் கிடந்தவனுக்கு
உபதேசியார் யாத்திராகமத்தைப் புரட்டி
மோசேயின் மூத்தவன் பேரை வைத்தார்.
எபிரேயத்தில்
கேர் என்றால் அந்நியன்,
ஷாம் என்றால் அங்கே.

அப்பாவுக்கு அத்தனை எழுத்து நாக்கில் நிற்காது,
கெர்சு என்பார்.
அம்மா கோபம் வந்தால்
'பரதேசிப் பயலே' என்பாள்.
என் பேரைப் பிழையில்லாமல் கூப்பிட்டது
அவள் ஒருத்திதான்.

இப்போது அதே பாதையில் நான்தான் டிரைவர்.
மேலே ஏறினால் பாண்டி,
இறங்கினால் மலையாளத்தான்.
செக்போஸ்ட்டில் புதிதாக வந்த போலீஸ்காரர்
லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
இதென்ன பேர், அர்த்தம் என்ன என்றார்.
அங்கே அந்நியன், சார்.
எங்கே?

கையைத் தூக்கிவிட்டேன்.
எந்தப் பக்கம் நீட்ட?
பின்னால் தூக்குவாளிகள் இடிபடுகின்றன.
எட்டு மணிக்குள் காட்டில் பேர் கொடுக்கணும்,
வண்டியை எடு என்று
யாரோ கத்துகிறாள்.