யாரும் சாகாத வீடு

இந்த வீட்டில் யாரும் சாகவில்லை.
அதுதான் சிக்கல்.
செத்தவர் என்றால் பேர் சொல்லிக் கூப்பிட்டு
போய் வாருங்கள் என்று அனுப்பி வைக்கலாம்.
இவர்கள் இருவரும் உயிரோடு:
லோஷினி தெம்பனிசில் தங்கை வீட்டில்,
தினகரன் ஜொகூரில்.
வக்கீல் மேசையில் ஆளுக்கொரு பேனாவால்
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள்.

செங்காங், பதினான்காம் மாடி.
நாலுக்குப் பயந்து பாதிப்பேர் வரவேயில்லை.
வந்த ஏழு குடும்பமும் கூடத்தில் நின்று
ஏதோ ஒரு மாதிரி இருக்கு என்றார்கள்.
கிழக்குப் பார்த்த வாசல் என்றேன்.
எல்ஆர்டிக்கு நடந்தால் ஐந்து நிமிடம் என்றேன்.
ஒரு அம்மாள் மட்டும் நெஞ்சில் கைவைத்து
இங்க மூச்சு நிக்குது தம்பி என்றார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை.
கமிஷனில் நம்பிக்கை உண்டு.

வெள்ளிக்கிழமை தேக்காவில்
நாலு வெள்ளிக்கு ஒரு பொட்டலம்:
வெண்கடுகு, நாய்க்கடுகு, மருதாணி விதை,
காய்ந்த அருகம்புல். சாம்பிராணி தனி.
புது வீடா என்றார் கடைக்காரர்.
இல்லை, பழைய சண்டை.
இன்னொரு கரண்டி கடுகு அள்ளிப் போட்டார்,
காசு கேட்கவில்லை.

கூரையில் புகை கண்டால் அலறும் கருவி.
பாத்தாம் விடுதியில் எடுத்து வந்த குளியல் தொப்பியை
அதன் தலையில் மாட்டினேன்.
மைலோ டின்னில் மூன்று கரித்துண்டு.
எரிவாயு துண்டித்த வீடு;
கற்பூரத்தின் தயவில்தான் கரி பிடித்தது.

கடுகு வெடித்தபோது
வீடு திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

மூலை மூலையாகக் கொண்டுபோனேன்.
படுக்கையறைக் கதவில் மூன்று இடத்தில்
தாழ்ப்பாள் மாற்றிய துளைகள்.
குளிர்பெட்டி நின்ற இடம் மட்டும் வெளுத்த தரை.
போர் வந்தால் ஒளிய என்று
எல்லா வீட்டுக்கும் கட்டித் தந்திருக்கும் அறை,
அதன் இரும்புக் கதவைத் திறந்தேன்.
ஒரு தலையணை.
ஒரு கைப்பேசி மின்கம்பி.
புகை உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை.

வாசலில் யாரோ தட்டினார்கள்.
அடுத்த வீட்டு மக்சிக் ஜைனோன்.
யார் இறந்தது என்று மலாயில் கேட்டார்.
யாருமில்லை.
மூக்கைச் சுருக்கி, கெமெஞான் என்றார்.
சாம்பிராணி என்றேன்.
ஒரே மரத்துப் பால்.

மூன்று வருடம், என்றார்,
தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.
எனக்குத் தமிழ் தெரியாது.
இப்போது கொஞ்சம் தெரியும்.

என்ன தெரியும் என்று கேட்டிருக்கக் கூடாது.
வாயை மூடு. உங்க அம்மா மாதிரியே.
ஒழிஞ்சு போ.
அந்த ழகரத்தில் ஒரு பிசகும் இல்லை.
அர்த்தம் என்ன என்று கேட்டார்.
நான் டின்னை ஊதினேன்.

அந்தச் சுவருக்கு
எங்கள் பக்கமும் கொஞ்சம் காட்டுவாயா?

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன்.
சோபாவை இழுத்தார். முதுகு சாய்ந்து சாய்ந்து
எண்ணெய்க் கறை படிந்த வெள்ளைச் சுவர்.
கீழிருந்து மேலாக, மெதுவாக,
காய்ச்சல்காரருக்கு ஒத்தடம் தருவதுபோல் காட்டினேன்.
அவர் ஏதோ ஓதினார். நான் எதுவும் சொல்லவில்லை.
என் வாயில் வந்து நின்ற ஒரே வார்த்தை
பீடையை விரட்ட எல்லோரும் சொல்வது.
அவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

சனிக்கிழமை எட்டாவது குடும்பம் வந்தது.
காற்று நன்றாக இருக்கிறதே என்றார் கணவர்.
மனைவி ஜன்னலருகே நின்று கூந்தலை அவிழ்த்துக் கட்டினாள்.
யாராவது இறந்திருக்கிறார்களா?
இல்லை என்றேன். உண்மை.
குளியல் தொப்பியை மட்டும் கழற்ற மறந்திருந்தேன்.

இரவு ரயிலில் சட்டை முழுக்கப் புகை.
எதிரே இருந்த குழந்தை தும்மியது.
வீட்டில் எனக்கும் ஒரு பேச்சு பாதியில் நிற்கிறது,
நேற்றிலிருந்து.
சாவியை எடுத்தபோதுதான் தோன்றியது:
என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்
யார் இருக்கிறார் என்று
இன்றுவரை நான் பார்த்ததில்லை.