கணம் அல்ல

அறிவியல் கண்காட்சிக்கு வந்த சிறப்பு விருந்தினர்
மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு
ஊர்ப் பழமொழியில் தொடங்கினார்.
நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்,
ஐந்தாவதை மட்டும் இழுத்து நிறுத்திச் சொன்னார்:
அழகில்லாப் பெண்கள்.

பந்தல் சிரித்தது.
எரிமலை மாதிரிக்குப் பக்கத்தில்
சமையல் சோடாவோடு நின்ற நானும் சிரித்தேன்.
சிரித்தவர்களில் பாதிப் பேர்
ரெட்டைப் பின்னல் போட்டவர்கள்.

ருமைஸா சிரிக்கவில்லை.
பிராக்டிகல் நோட்டைத் திருப்பிப்
பின்னட்டையில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.
"இன்னாடி எழுதிக்கினு கீற?"
"இரு. தப்பு பாத்துக்கினு கீறேன்."

விருதம்பட்டிலிருந்து சைக்கிளில் வருபவள்.
பாலாற்றுப் பாலத்தில் மூச்சு வாங்கும் சாக்கில்
மூன்றாம் தூணில் தண்ணீர் எதுவரை என்று
ஐப்பசி தொடங்கித் தேதி போட்டுக் குறித்திருக்கிறாள்.
நாற்பத்தொரு நாள் ஈரம். அதில் ஆறு நாள்
அவள் அடையாளம் வைத்த கல் வரிசையே தெரியவில்லை.
"இல்லவே இல்லன்னு சொன்னா
உடைக்க ஒரு நாள் போதும்."

மலைக்கு, வகுப்பு ஜன்னல் கம்பியில் நூல் கட்டி
மலையைக் கட்டம் கட்டமாய்ப் பிரித்து
ஒரு கட்டத்து மரங்களை எண்ணிப்
பெருக்கியிருந்தாள். விடை எனக்கு மறந்துவிட்டது.
பூச்சியம் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

சாமியில்லாக் கோயிலுக்கு
என் அம்மாவைச் சாட்சி போட்டிருந்தாள்,
பிரதோஷம் தவறாமல் வரிசையில் நின்று
கால் வீங்கித் திரும்புகிறவளை.
அரசனில்லாக் கோட்டைக்கு எதிரே
சரி என்று ஒரு டிக். பக்கத்தில் சின்னதாக,
"இது குறையா?"

ஐந்தாவதற்கு என்ன செய்வாள் என்று எட்டிப் பார்த்தேன்.
அழகி ஒருத்தியின் பெயரை எழுதியிருப்பாள்,
உண்மையைச் சொன்னால்
அது என் பெயராய் இருக்குமோ என்று ஓர் ஆசை.
ஒரே வரிதான் இருந்தது:
நன்கு வரையறுக்கப்படவில்லை. கணம் அல்ல.

ஒன்பதாம் வகுப்பு, முதல் பாடம்.
பரீட்சைக்கு வராது என்று
போன வருடம் நான் தாண்டிப்போன பக்கம்.
யார் அளப்பது, எதை வைத்து அளப்பது என்று
சொல்ல முடியாத எதையும்
கணக்கு உள்ளே விடுவதில்லையாம்.
ஒரு பாடம் என் பக்கம் நின்று பேசும் என்று
அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

விருந்தினர் சால்வையோடு போய்விட்டார்.
அவருக்கு இது எதுவும் தெரியாது.

மறுநாள் கணினி அறை.
பதினொரு பெட்டி, ஓடுவது ஏழு.
பையன்கள் உட்காருவார்கள்,
நாங்கள் பின்னால் நின்று
தோள்களுக்கு நடுவில் தலையை நீட்டுவோம், அதுதான் வழக்கம்.
ருமைஸா நாற்காலியை இழுத்த சத்தத்தில்
எல்லோருக்கும் பல் கூசியது.
"மணி பாத்துக்கோ. இருவது நிமிசம். அப்புறம் நீ"
லோகேஷிடம் சொல்லிவிட்டு மவுசைப் பிடித்தாள்.
நாற்பத்தொரு நாளும்
ஒவ்வோர் எண்ணாய் உள்ளே போயின.
திரையில் ஒரு கோடு
ஏறி, இன்னும் ஏறி, வளைந்து இறங்கியது.
எங்கள் ஆறு.
தினம் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் கடக்கிற ஆறு.

"தள்ளி குந்துடி" என்றேன்.
பாதி நாற்காலி கிடைத்தது.
ஓர் எண்ணைத் தப்பாக அடித்தேன்,
ஆறு மலை உயரத்துக்கு எழும்பியது.
லோகேஷ் சிரித்தான்.
நானும் சிரித்தேன், இந்த முறை வேறு மாதிரி.
அழித்துவிட்டு
மறுபடி அடித்தேன்.