ஐந்து மீட்டருக்குப் பதினேழு

அடிப்பக்கம் இருபது சென்டிமீட்டர்,
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து இடைவெளி,
கட்டித் தொங்கவிட இரு முனையிலும் நாற்பது.
ஐந்து மீட்டர் நாடாவுக்குப் பதினேழு கொடி.
இந்தக் கணக்கை மட்டும்
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மங்காஃப். மூன்றாம் மாடி.
சுவருக்கு அந்தப் பக்கம் எகிப்துக்காரர் ஹம்தி,
இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம்.
அவர் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான்
என் மெஷின் வாய் திறக்கும்.

ஃபஹாஹீலில் கிலோக் கணக்கில் வாங்கும் வெட்டுத்துண்டு:
பள்ளிச் சட்டைக் கட்டம், திரைச்சீலைப் பூ,
யாரோ வேண்டாமென்று விட்ட மஞ்சள் ஷிஃபான்.
(ஷிஃபான் ஆகாது. நழுவும். ஒருமுறை அழுதிருக்கிறேன்.)
இரண்டை முகத்தோடு முகம் வைத்துத் தைத்து
முனையை ஒட்ட நறுக்கி
உள்ளதை வெளியே திருப்பினால்
கூர் வராமல் அடம்பிடிக்கும்.
குத்தித் தள்ளுவதற்கு
சீன ஓட்டலிலிருந்து இவர் கொண்டுவந்த
ஒற்றைச் சாப்ஸ்டிக். ஜோடியைக் காணோம்.

இரண்டாம் மாடி உம் கினான், சிரியாக்காரி,
மகன் அறைக்கு அவன் பெயர் வேண்டுமென்றாள்,
அரபியில்.
நான்கு எழுத்து. கைப்பேசியில் பார்த்து வரைந்து
நீலத்தின் மேல் வெள்ளை வைத்து ஓரம் அடித்தேன்,
கொடிக்கு ஒன்றாக.
நம் 'தோ'வுக்குக் கொம்பு தனி, கால் தனி என்று வெட்டி
ஒரே முக்கோணத்தில் உட்கார வைத்த கை இது.
பயமில்லை.

விரித்துப் பார்த்தவள் சிரித்தாள்.
ஈத், ஈத் என்றாள்.
பண்டிகைக்கு என்கிறாளோ என்று நானும் தலையாட்டினேன்.
அவள் ஊர்ப் பேச்சில் ஈத் என்றால் கையாம்.
தன் இரண்டு கைகளையும் கோத்துக் காட்டி
என் நான்கு கொடிகளைக் காட்டி
இல்லை என்று உதட்டைப் பிதுக்கினாள்.
அரபி எழுத்துகள்
கைகோத்தால்தான் பெயராகும்.

மறுபடி வெட்டினேன்.
முதல் மூன்றும் ஒரே துண்டாக, வலமிருந்து இடம்,
எழுபது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கொடி.
கோவணம் மாதிரி இருக்கு என்றார் இவர்.
மூன்றாவது அலிஃப். அது
தனக்கு முன்னால் வந்தவருக்குக் கை தரும்,
பின்னால் வருபவருக்குத் தராதாம்.
அதனால் கடைசி நூன் தனிக் கொடியில்:
ஒரு கிண்ணம், அதன் மேல் ஒரு பருக்கை.
பதினேழு, பதினைந்தாகிவிட்டது.

பிறந்தநாள் ஏப்ரலில்.
ஜனவரி இரண்டாம் வாரம் மாடியேறி வந்தாள்.
பத்தொன்பதாம் தேதிக்குள் முடியுமா?
கம்பெனி மூடியாயிற்று, இகாமா ரத்து,
பையனுக்குச் சொல்லவில்லை.
பிறந்தநாளை முன்னால் நகர்த்திவிட்டார்கள்,
பெருக்குவதற்காகச் சோபாவை நகர்த்துவதுபோல.
ஐந்து என்றும் ஒரு கொடியில் போடச் சொன்னாள்.
அரபி ஐந்து வெறும் வட்டம்.
என் கண்ணுக்கு அது பூஜ்யம்.
வெட்டச் சுலபம்.

மூன்றரை தினார் பேசியிருந்தோம்.
நான் வேண்டாமென்றேன், அவள் விடவில்லை.
வாங்கிக்கொண்டேன். நூல் தீர்ந்திருந்தது.

பெட்டியில் அவர்களுக்குக் கிலோ ஒவ்வொன்றும் கணக்கு.
விருந்து முடிந்து கழற்றிய கொடியை
என் சமையல் தராசில் வைத்துப் பார்த்தோம்:
இருநூற்றுப் பத்து கிராம்.
அவள் சுருட்டி
பையனின் பூட்ஸுக்குள் திணித்தாள்.

தப்பாகத் தைத்த நான்கும் என்னிடம்தான்.
பிரிக்க மனமில்லாமல்
வராந்தாக் கம்பியில் மாட்டியிருக்கிறேன்.
நேற்று வேலைக்குக் கிளம்பிய ஹம்தி நின்று
காஃப், நூன், அலிஃப், நூன் என்று
விரல் நீட்டி எண்ணினார்.
இது வார்த்தை இல்லையே என்றார்.
இல்லைதான் என்றேன்.

அடுத்த ஆர்டர் வந்திருக்கிறது, பின்க் நிறம்,
அபு ஹலிஃபாவிலிருந்து ஒரு நர்ஸ்,
இரட்டைக் குழந்தைகள், ஆங்கிலப் பெயர்.
அந்த எழுத்துகள் எப்போதும்
தனித்தனியாக நிற்கும்.
கொடிக்கு ஒன்று.
வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.