தலைகுந்தாவில் உறைபனி

ஜெர்கின் வாடகை நூறு.
நனைத்தால் ஐம்பது கூடுதல் என்று
அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்,
விடியாத இருட்டில் யார் படிக்கிறார்கள்.

பர்லியாறிலிருந்து வாந்தி எடுத்த முகங்களோடு
தூத்துக்குடி வேன் வந்து நின்றது.
பனி பார்க்க வந்த கூட்டம்
ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது.
செல்போன் வெளிச்சத்தில் புல்வெளி வெளுத்துத் தெரிய
"நம்ம உப்பளம் மாதிரிதான இருக்கு,
இதுக்கா இம்புட்டுத் தூரம்?" என்றார் ஒருவர்.

அவர் மனைவி பியாட்ரிஸ் பதில் சொல்லவில்லை.
டீக்கடையில் பிஸ்கட் அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி
பிரித்து விரித்து,
சேலையை முழங்காலுக்கு இடையில் செருகி
சரிவில் உட்கார்ந்தாள்.

போனாள்.

வனக்காவலர் விசில் ஊதினார்.
மூச்சு வாங்க ஏறி வந்து
திரும்பவும் போனாள்.
மூன்றாம் முறை விசிலைக் காணோம்;
அட்டைக்கு வரிசை நின்றது.

ஏழரைக்கு வெயில் வந்து
புல் வெறும் புல்லானது.
ஜெர்கினைக் கழற்றிக் கொடுத்தாள்.
இரண்டு பையிலும் ஈரம்.
ஊருக்குக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறாள்.
ஐம்பதை வாங்கிக்கொண்டேன்.

அடுத்து அதைப் போட்ட மதுரைக்காரர்
கையை விட்டு வெடுக்கென்று எடுத்தார்:
"என்னங்க, சில்லுனு ஈரமா இருக்கு?"

"பனிதான் சார்.
வெளியில தீர்ந்துபோச்சு."