ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு

பள்ளத்தூரில் மழை பிடித்த மூன்றாம் நாள்
ஈபி போய் ஏழு மணி நேரமாகியிருந்தது.
படுக்கும்போது இன்வெர்ட்டர் திரையில்
ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு வோல்ட்.
தாராளமாக இருக்கிறதென்று
விசிறியை நாலில் வைத்தேன்.
விடியக்காலை மூன்றுக்கு அது பீப் என்றது,
பிறகு அதுவும் இல்லை.

"வோல்ட்ட நம்பாதீங்கக்கா"
என்றான் தேவகோட்டையிலிருந்து நனைந்து வந்த அந்தோணிராஜ்.
"லித்தியம் மொகத்துல காட்டாது.
எழுவதுலயும் அதே சிரிப்பு, நாப்பதுலயும் அதே சிரிப்பு.
கடைசிப் படியில மட்டும் விழும்."

கையேட்டைப் பிரித்து உட்கார்ந்தேன்.
ஒன்றாம் எண்: வீட்டுக்கு யார் முதலில்.
வெயில், அப்புறம் பாட்டரி, வேறு வழியில்லாவிட்டால் ஈபி.
பதினாறாம் எண்: பாட்டரியை யார் நிரப்புவது.
'வெயில் மட்டும்' என்றிருந்தது.
ஐப்பசியில் அப்படி வைத்தவர் என் வீட்டுக்காரர்,
ஜோகூரிலிருந்து, செயலி வழியாக.
அங்கே வெயில் அடித்திருக்கும்.

நான் காரைக்குடி பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறவள்.
கல்லாப்பெட்டியைத் தூக்கிப் பார்த்து
இருப்பு சொல்ல மாட்டேன்.
வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு,
எழுதிக்கொண்டே வந்தால்தான் இருப்பு.
பாட்டரிக்குள்ளும் அப்படி ஒரு கணக்கப்பிள்ளை உண்டாம்,
ஆம்பியர் ஆம்பியராக எண்ணுகிறவன்.
அவனையும் திரையையும் சேர்க்கும் வயரை
ஒன்பது மாதமாக யாருமே சொருகவில்லை.

சொருகினோம். முதலில் அவன் சொன்னதும் தப்புதான்.
சில்லறைப் பிசகு சேர்ந்து சேர்ந்து
எங்கோ போய்விடும் அவன் கணக்கு;
ஒருமுறை விளிம்புவரை நிரம்பினால்தான்
'நூறு' என்று திருத்திக்கொள்வான்.

எவ்வளவில் நிறுத்த வேண்டும் என்ற இடத்தில்
இருபது என்றிருந்ததை முப்பத்தைந்து ஆக்கினேன்.
மறுநாள் பார்த்தால் இருபது.
முப்பத்தைந்து.
இருபது.
போனில் இதை நாங்கள் பேசவில்லை.
மழை, தவணை, அவர் அறையில் புதிதாக வந்த மன்னார்குடிப் பையன்.
நல்லா இருக்கேன் என்றார்.
நானும் என்றேன்.
ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு.

வியாழன் இரவு தூக்கமே வரவில்லை.
ஊறிக் கிடந்த அரிசியைக் கிரைண்டரில் போட்டேன்.
காலையில் கேட்டார்:
"ராத்திரி ரெண்டேகாலுக்கு நூத்தியெம்பது வாட்,
நாப்பது நிமிஷம். என்ன ஓடுச்சு?"
"மாவு."
"அந்நேரத்துலயா?"

அவர் திரையில் நான் ஒரு சின்ன மேடு.
சுர்ரென்றது.
கடவுச்சொல்லை மாற்றிவிடுவதென்று உள்ளே போனேன்.
அந்தப் பக்கத்தின் அடியில் இருந்தது
கடைசியாகத் திறந்தவர் விவரம்:
சாத்தப்பன், இரண்டு இருபது.
முந்தின நாள் மூன்று ஐந்து.
அதற்கும் முன்னால் ஒன்று ஐம்பது.
இரண்டரை மணி கூட்டினால் ஜோகூர் நேரம்.
கூட்டினேன், கூட்டுவதுதானே தொழில்.
ஏழு மணி வரைக்கும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறேன்
என்று சொல்கிற மனுஷன்.

கடவுச்சொல் அப்படியே இருக்கட்டும் என்று வெளியே வந்தேன்.
முப்பத்தைந்தை மட்டும் மறுபடி வைத்தேன்.
அதை அவர் இருபத்தெட்டு ஆக்கினார்.
விட்டுவிட்டேன்.

இன்று நல்ல வெயில்.
பதினொன்று நாற்பதுக்குத் திடீரென ஒரு பள்ளம்,
ஆயிரத்து எண்ணூறிலிருந்து அறுநூறுக்கு.
அடுத்த நிமிடமே போன்:
"பேனல் போயிருச்சா? எம்சி நாலு கனெக்டரப் பாரு,
தண்ணி எறங்கிருக்கும்."
செருப்புப் போடாமல் ஓடி மாடிக்குப் போனால்
ஓடு சுடுகிறது, வானத்தில் ஒரு துணுக்கு மேகமில்லை.
மேல் வரிசையில், தோகை உதிர்ந்து
பாதி முளைத்த ஆண் மயில் ஒன்று,
முதுகை உலர்த்திக்கொண்டு.

"மயில்" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"வெரட்டிறாத" என்றார்.

பிறகு,
"இன்னும் உக்காந்திருக்கா?"

கையில் இருக்கிற திரையைப் பார்த்தாலே தெரியும் அவருக்கு.
"இருக்கு" என்றேன்.